ஒத்திகை பார்த்த கருணை

வேதியியல் தேர்வுக்குத் தயாராவதில் அறச்சிக்கல் எதுவும் கிடையாது. தெரியாததைத் தெரிந்துகொள்கிறோம், அவ்வளவுதான். மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்குத் தயாராவது வேறு மாதிரியான வேலை. அறிவை ஏற்கெனவே மதிப்பெண்ணில் பார்த்துவிட்டார்கள். இப்போது பார்ப்பது வேறு: நீ நேர்மையானவளா, அடுத்தவர் வலி உனக்குத் தைக்குமா, தப்பு நடக்கும்போது வாயைத் திறப்பாயா? இதற்கு ‘ப்ரிப்பேர்’ பண்ணுவது என்றால் என்ன? இரக்கம் இருப்பவளுக்கு ஒத்திகை எதற்கு? இல்லாதவள் ஒத்திகை பார்த்து ஜெயித்துவிட்டால் அது மோசடி இல்லையா?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. சில வருடங்களுக்கு முன்னால் அக்கா மகள் “சித்தி, எனக்கு மாக் இன்டர்வியூ பண்ணிவிடுங்க” என்று வந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் தோழிகள், பிறகு தோழிகளின் தம்பிகள். நான் மருத்துவர் இல்லை. அவர்களுக்கு வேண்டியது எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க ஒரு பெரியவர், அதுவும் காசு வாங்காத பெரியவர். கூட்டம் குறைந்த பிற்பகல்களில் தேக்கா உணவங்காடியில் உட்கார்ந்து, தே தாரிக்கை ஆறவிட்டுக்கொண்டு, மரணம், கருக்கலைப்பு, உறுப்பு தானம் பற்றியெல்லாம் பதினெட்டு வயதுப் பிள்ளைகளைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் மருத்துவம் படிக்க மூன்று வாசல்கள் உண்டு. 1905இல் தொடங்கிய பழைய பள்ளியின் வழிவந்த, தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளி. 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்த, நன்யாங் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளி. ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்களுக்கான டியூக்-என்யூஎஸ். ஏ லெவலில் எல்லாப் பாடத்திலும் ‘ஏ’ வாங்கியவர்கள் இடங்களைவிட அதிகம் என்பதால், யாரை விடுவது என்பதை மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அங்கேதான் நேர்காணல் நுழைகிறது.

பழைய பாணி நேர்காணலில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு அன்று தலைவலி என்றால் உன் கதி அதோகதி. அதைச் சரிசெய்யத்தான் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ‘மல்டிபிள் மினி இன்டர்வியூ’ என்ற முறையை உருவாக்கினார்கள். அதைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 2004இல் வந்தது. ஒரே நீண்ட பேட்டிக்குப் பதில் வரிசையாகப் பல அறைகள். கதவில் ஒரு தாளில் சூழ்நிலை எழுதியிருக்கும். மணி அடித்தால் உள்ளே போகவேண்டும், அடுத்த மணிக்கு வெளியே வந்துவிடவேண்டும். சில அறைகளில் கேள்வி, சில அறைகளில் ஒரு நடிகர். அழுகிற அம்மாவாகவோ கோபப்படுகிற பக்கத்து வீட்டுக்காரராகவோ அவர் இருப்பார். லீ கொங் சியான் இந்த முறையைத்தான் பின்பற்றுகிறது. ஒரு நீதிபதியின் மனநிலைக்குப் பதில் பல நீதிபதிகளின் சராசரி. நியாயமான முன்னேற்றம்தான். ஆனால் எந்தத் தேர்வு வந்தாலும் அதன் பின்னாலேயே டியூஷனும் வந்துவிடுவது நம் ஊர் வழக்கம். கருணைக்கும் இப்போது கட்டண வகுப்பு இருக்கிறது.

ஒத்திகையில் முதலில் செத்துப்போவது எளிய பதில். “ஏன் டாக்டராகணும்?” என்று கேட்டால் “மத்தவங்களுக்கு உதவணும்” என்று எந்தப் பிள்ளையும் இப்போது சொல்வதில்லை. எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள், அதனால் சொல்லாதே என்று கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். உண்மையிலேயே அதுதான் காரணம் என்றாலும் சொல்லக்கூடாது. அதற்குப் பதில் ஒரு கதை வேண்டும், அதில் ஒரு ஆள், ஒரு திருப்பம், கடைசியில் ஒரு பாடம்.

ஒரு பெண் தன் கதையைச் சொன்னாள். தாதிமை இல்லம் ஒன்றில் ஆறு மாதம் சனிக்கிழமைதோறும் தொண்டூழியம் செய்திருக்கிறாள். அங்கே தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த ஒரு பெரியவர். சுற்றி யாருக்கும் அவர் பேச்சு புரியாது. இவள் போய் உட்கார்ந்து பேசப் பேச அவர் சாப்பிட ஆரம்பித்தார். சிகிச்சை என்பது மருந்து மட்டும் அல்ல என்று அன்று புரிந்துகொண்டாளாம். நன்றாகத்தான் இருந்தது. சரியாக இரண்டு நிமிடம்.

“அவரு பேரு என்னம்மா?” என்று கேட்டேன்.

“பேரா? அங்கிள்னுதான் கூப்பிடுவோம், ஆண்ட்டி.”

“இப்பவும் போறியா?”

“ஏ லெவல் வந்துச்சு. அப்புறம் போகல.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவளே கேட்டாள்: “பேரு தெரிஞ்சிருந்தா மட்டும் நான் நல்லவளாயிடுவேனா? அவரு சாப்பிட்டது உண்மைதானே?”

உண்மைதான். அவள் எதற்காகப் போனாள் என்பது அந்தப் பெரியவரின் பசிக்குத் தெரியாது. சான்றிதழுக்காகப் போனவள் பேசிய தமிழும் தமிழ்தான். நோக்கம் சுத்தமாக இல்லை என்பதற்காக நடந்த நன்மையை அழித்துவிட முடியாது.

ஒத்திகை என்பதாலேயே அதைப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. கட்டிக் கட்டித்தான் கொத்தனாராகிறோம், நியாயமான காரியங்களைச் செய்து செய்துதான் நியாயவான் ஆகிறோம் என்பது அரிஸ்டாட்டிலின் வாதம். நல்ல குணம் உள்ளே ஊறிக் காத்திருக்கும் ஊற்று இல்லை, கைப்பழக்கம். மருத்துவக் கல்வியே இந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. 1963இல் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் நோயாளியாக நடிக்க ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, மாணவர்களை அவர் முன் உட்காரவைத்தார். இன்று உலகம் முழுக்க மாணவர்கள் நடிகர்களிடம்தான் கெட்ட செய்தி சொல்லப் பழகுகிறார்கள். எப்படி உட்காருவது, எப்போது நிறுத்துவது, மௌனத்தை எவ்வளவு நேரம் தாங்குவது எல்லாம் பயிற்சியில் வருவது. விடிகாலை மூன்று மணிக்கு, முப்பதாவது நோயாளியாக நான் போய்ப் படுத்தால், அந்த இளம் டாக்டருக்கு என்மேல் நிஜமாகவே இரக்கம் சுரக்கவேண்டும் என்று எதிர்பார்க்கமாட்டேன். களைப்பிலும் கைவிடாத பழக்கம் ஒன்று அவரிடம் இருந்தால் போதும்.

அப்படியானால் எனக்கு உறுத்துவது எது? அது வேறொரு பிற்பகலில்தான் பிடிபட்டது.

அந்தப் பையன் தேசிய சேவையில் இருந்தான். வார விடுப்பில் வந்திருந்தான், மொட்டைத் தலை, கையில் குறிப்பு அட்டைகள். நோயாளியின் சுயவிருப்பம், நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்ற நான்கு கொள்கைகளும் அதில் இருந்தன. பீச்சம்ப், சில்ட்ரஸ் இருவரும் 1979இல் எழுதிய மருத்துவ அறவியல் நூலிலிருந்து உலகத்து மாணவர்களெல்லாம் மனப்பாடம் செய்யும் நான்கு. நான் அவனுக்கு ஒரு சூழ்நிலை கொடுத்தேன். கட்டுமானத் தளத்தில் கையில் அடிபட்ட ஊழியர். கூட வந்திருக்கும் மேற்பார்வையாளர், “ரெண்டு நாள் எம்சி போதும் டாக்டர்” என்கிறார். மளமளவென்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. நோயாளியின் நலனே முதன்மை, நிறுவனத்தின் அழுத்தத்துக்கு இடமில்லை. பத்துக்குப் பத்து.

அப்புறம் நான் ஊழியரானேன். தமிழில் சொன்னேன்: “தம்பி, அதிக நாள் எழுதிடாதீங்க. எழுதினா முதலாளி ஊருக்கு ஏத்திவிட்டுருவாரு. ஏஜென்ட்டுக்குக் கட்டின கடன் அப்படியே இருக்கு. ரெண்டு நாள்னே போடுங்க.”

அவன் அட்டைகளைப் பார்த்தான். சுயவிருப்பம் ஒரு பக்கம் இழுத்தது, நன்மை இன்னொரு பக்கம். மணி அடிக்கும் நேரம் தாண்டியும் பதில் வரவில்லை. கடைசியில், நான் பெண் என்பதையும் மறந்து, “அண்ணே, அந்தக் கையால சாப்பிட முடியுதா?” என்றான். அன்று அவன் சொன்னதில் மனப்பாடம் செய்யாதது அந்த ஒன்றுதான்.

இந்தச் சூழ்நிலை என் கற்பனை இல்லை. முன்பு சிங்கப்பூரில், ஊழியர் மருத்துவமனையில் தங்கும் அளவுக்குப் போகாத விபத்துகளில், மருத்துவ விடுப்பு மூன்று நாளைத் தாண்டினால்தான் முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று சட்டம் இருந்தது. ஆகவே, டாக்டர் எழுதும் எண் வெறும் எண்ணாக இருக்கவில்லை. அடிபட்ட வெளிநாட்டு ஊழியர்களுக்குப் போதிய விடுப்பு எழுதாத மருத்துவர்களைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றம் விசாரித்துத் தொழிலிலிருந்து தற்காலிகமாக நிறுத்திவைத்த வழக்குகள் உண்டு. யோசித்துப் பாருங்கள். அந்த மருத்துவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து ‘நோயாளியின் நலனா, முதலாளியின் வசதியா’ என்று கேட்டிருந்தால், சரியான பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். பதில் தெரியாததால் யாரும் தவறவில்லை.

நேர்காணலின் அடிப்படைச் சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன். அங்கே நல்ல பதில் சொன்னால் லாபம். வாழ்க்கையில் நல்ல காரியத்துக்குப் பெரும்பாலும் செலவுதான் ஆகும். நல்லதற்குப் பரிசு வைத்திருக்கும் அறையில், நல்லதற்கு விலை கொடுப்பவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்தது. திருக்குறளின் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரம் ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. அறம், பொருள், இன்பம், உயிர்பயம் என்ற நான்கின் வழியாக ஒருவனை ஆராயவேண்டும் என்பதில்தான் அது தொடங்குகிறது. பரிமேலழகர் உரை அதை நான்கு ரகசியச் சோதனைகளாக விரிக்கிறது. அரசனே ஆள் அனுப்பி, துரோகத்துக்குப் பொன் தருகிறேன் என்று சொல்லவைக்கிறான், ஆசை காட்டுகிறான், அச்சுறுத்துகிறான். இணங்காதவன் தேறுகிறான். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் இதே சோதனைகள் இருக்கின்றன. நம் நேர்காணலுக்கு நேர் எதிர்: தப்புக்குப் பரிசு, சரியானதற்கு ஆபத்து. தான் சோதிக்கப்படுவதும் அவனுக்குத் தெரியாது. நடிகரை வைத்துக் குணத்தைப் பார்க்கும் யோசனை மெக்மாஸ்டருக்கு முன்பே இங்கே இருந்திருக்கிறது!

ஆனால் கௌடில்யர் அதே இடத்தில் ஓர் எச்சரிக்கையும் செய்கிறார். கெடாதவனைச் சோதனையே கெடுத்துவிடலாம், நல்ல தண்ணீரில் விஷம் கலந்தமாதிரி. அப்படிக் கெட்ட மனதுக்குப் பிறகு மருந்து கிடைக்காமலும் போகலாம். இதைப் படித்தபோது அந்தத் தாதிமை இல்லத்துக் கதைதான் ஞாபகம் வந்தது. அந்தப் பெண் சனிக்கிழமைகளில் செய்தது நல்ல காரியம். அந்தப் பெரியவரை இரண்டு நிமிடக் கதையாகச் சுருக்கி, பாடம் வைத்துத் தைத்து, பெயரை உதிர்த்துவிட்டது தேர்வு. இரக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டுக் கேட்டே, இரக்கம் என்றால் காட்டுவதுதான் என்று ஒரு தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்கிறோமோ என்று பயமாக இருக்கிறது.

சரி, அப்போ நேர்காணலே வேண்டாம்னு சொல்லிடலாமா? தமிழர்களுக்கு இந்த விஷயத்தில் பழைய கசப்பு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு ஒருகாலத்தில் 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பெரியகருப்பன் வழக்கில் 1970இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் அதை அதிகம் என்றது. ஒரு மாணவருக்கு மூன்று நிமிடம்கூடச் சரியாகக் கிடைக்காத பேட்டியில் எந்தத் தகுதியை எடைபோட முடியும் என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வி. ‘ஆளைப் பார்த்துத் தேர்வுசெய்வது’ என்றால் யாருடைய பிள்ளை என்று பார்ப்பது என்ற சந்தேகம் நம் ரத்தத்தில் ஊறியது. தமிழ்ச் சமூகம் மதிப்பெண்ணை இத்தனை பிடிவாதமாக நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் வெளியிலும் கிடைக்கிறது. 1979இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஒரு மருத்துவக் கல்லூரி, நேர்காணல் நடத்தி 150 பேரைத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தது. அப்புறம் மாநிலச் சட்டமன்றம் இன்னும் 50 இடங்களைக் கூட்டச் சொல்லிவிட்டது. வேறு வழியில்லாமல், தரவரிசையில் கீழே கிடந்தவர்களை அழைத்துச் சேர்த்தார்கள். பிற்பாடு இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டால், படிப்பிலும் மருத்துவமனைப் பயிற்சியிலும் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை.

அதே 1979இல் சிங்கப்பூர் இன்னொரு விதமாக ‘தகுதி’யை அளந்தது. பல்கலைக்கழக மருத்துவப் படிப்பில் பெண்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. குடும்பம் வந்தால் வேலையை விட்டுவிடுவார்கள், அவர்களைப் படிக்கவைத்த செலவு வீண் என்பது வாதம். 2003 சேர்க்கையில்தான் அந்த வரம்பு போனது. என்னிடம் இப்போது ஒத்திகைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்கள் அம்மாக்களின் காலத்தில் எத்தனை நல்ல பதில் சொல்லியிருந்தாலும் அந்த எண் நகர்ந்திருக்காது.

நெதர்லாந்து வேறு வழி பார்த்தது. 1970களிலிருந்து பல வருடங்கள் மருத்துவ இடங்களைக் குலுக்கல் முறையில் கொடுத்தது. மதிப்பெண் கூடக்கூட வாய்ப்பும் கூடும், ஆனாலும் கடைசியில் அது குலுக்கல்தான். 2017இல் நிறுத்தினார்கள், 2023 முதல் மீண்டும் அனுமதித்தார்கள். அமெரிக்கத் தத்துவவாதி மைக்கேல் சாண்டலும் ‘தி டிரனி ஆஃப் மெரிட்’ நூலில், தகுதியுள்ளவர்களைப் பிரித்துவிட்டு மிச்சத்தைக் குலுக்கலுக்கு விடலாம் என்கிறார். ஜெயித்தவருக்குத் தலைக்கனம் வராது, தோற்றவருக்கு அவமானம் இருக்காது.

இரண்டாவது பாதிதான் எனக்கு முக்கியம். மதிப்பெண் குறைந்தவனுக்கு ‘இன்னும் படிச்சிருக்கலாம்’ என்று ஓர் ஆறுதல் இருக்கிறது. நேர்காணலில் விழுந்தவளுக்கு? தாதிமை இல்லத்துக் கதை சொன்ன அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைக்கவில்லை. “மார்க் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அப்ப எங்கிட்டதான் ஏதோ சரியில்லையா ஆண்ட்டி?” என்று கேட்டாள். எந்தப் பல்கலைக்கழகமும் அவளை நல்லவள் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குணத்தை அளக்கிறோம் என்று அறிவித்துவிட்டு ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பினால், அவள் காதில் வேறு எப்படி விழும்? அன்று காலை சில அறைகளில் அவள் பேசிய பேச்சைத்தான் எடைபோட்டார்கள், அவளை இல்லை என்று சொன்னேன். சமாதானத்துக்குச் சொன்னதல்ல. அந்த அறைகளால் அதற்குமேல் பார்க்க முடியாது என்று நான் நிஜமாகவே நம்புகிறேன்.

இருந்தும் ஒத்திகையை நான் விடவில்லை. காரணம் இருக்கிறது. இந்த மாணவர்களில் பலருக்கு, யாராவது எதிரே உட்கார்ந்து ‘நீ என்ன செய்வாய், ஏன்?’ என்று விடாமல் கேட்பது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. நேர்காணலை வெல்லும் உத்தியாக மட்டும் பார்த்தால் அது நடிப்புப் பயிற்சி. ஒரு கேள்வியோடு கொஞ்ச காலம் வாழக் கிடைத்த சாக்காகப் பார்த்தால் அது கல்வி. ஒரு கதையைச் சொன்னால், அந்தக் கதையில் வரும் ஆளுக்கு உன்னிடம் என்ன பாக்கி என்று கேட்பேன். ஒரு பதிலைச் சொன்னால், அதைச் செய்ய உனக்கு என்ன செலவாகும் என்று கேட்பேன். இவற்றுக்கு மதிப்பெண் கிடையாது என்பதால் நிதானமாக யோசிப்பார்கள்.

அந்த தேசிய சேவைப் பையன் அடுத்த வார விடுப்பிலும் வந்தான். அவன் போகவேண்டிய நொவீனா வளாகம் லிட்டில் இந்தியாவிலிருந்து இரண்டே எம்ஆர்டி நிறுத்தம், நியூட்டனில் மாறவேண்டும். நேர்காணலுக்குச் சில நாட்களே இருந்தன. ஆனால் கையில் குறிப்பு அட்டை இல்லை. “ஆண்ட்டி, அந்த அண்ணன் ரெண்டு நாள் எழுதச் சொன்னாரே, அதைப் பத்திப் படிச்சேன்” என்றான். 2020 செப்டம்பரில் சட்டம் மாறிவிட்டதாம். வேலையிட விபத்துக்கு ஒரே ஒரு நாள் விடுப்போ இலகுவேலையோ எழுதினாலும் முதலாளி அமைச்சுக்குத் தெரிவித்தாகவேண்டும். அப்படியானால் மூன்று நாள் கோடு இப்போது இல்லை, குறைத்து எழுதி மறைக்க முடியாது. வெளிநாட்டு ஊழியர்களுக்காக 2006இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் அமைப்பின் மருந்தகம் பற்றியும் தெரிந்துவைத்திருந்தான். அடிபட்டு வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு டிடபிள்யூசி2 அமைப்பு 2008 முதல் கஃப் சாலைத் திட்டம் என்ற பெயரில் இலவசச் சாப்பாடு தருவதும் தெரிந்திருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சிராங்கூன் சாலையைக் கடந்து கொஞ்சம் நடந்தால் கஃப் சாலை. அவன் அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறான்.

நல்ல டாக்டர்களைத் தேடித் தேடி உள்ளே விடுவதைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவன் கண்டுபிடித்தது வேறு. சட்டத்தில் ஒரு கோட்டை அழித்ததும், சரியானதைச் செய்ய ஒரு சாதாரண டாக்டருக்கு ஆகும் செலவு குறைந்துவிட்டது. எல்லாரும் தியாகிகளாக இருந்தால்தான் ஒருவருக்குக் கைக்கட்டோடு ஓய்வு கிடைக்கும் என்றால், கோளாறு ஆள் தேர்வில் மட்டும் இல்லை.

“இதை இன்டர்வியூல சொல்லலாமா?” என்று கேட்டான்.

“சொல்லு. சொல்லாட்டியும் பரவாயில்ல” என்றேன்.